பச்சைப் பொய்

தெருவேல் மலைச்சாலையை அகலப்படுத்திய அக்டோபரில்
என் மண்வாரியின் பல்லில் மாட்டிக்கொண்டு வந்தது.
ஜூனிப்பர். இங்கே சபினா என்பார்கள்.
முழங்கால் உயரம்தான்.
முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி போலத் தண்டு,
ஒரு பக்கம் எலும்பாக வெளுத்து,
மறுபக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு உயிர்ப்பட்டை.
அந்த ஒற்றையடிப் பாதையில்தான்
அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏறியாக வேண்டும்.

வனத்துறை செலெதோனியோ தாளில் முத்திரை குத்தினார்.
"சாகப்போவதற்கு எதற்குச் சீட்டு?"

பழைய கதவைப் பிளந்து பெட்டி அடித்தேன்.
நுரைக்கல்லை மூன்று முறை சலித்து
மாவுத்தூசியைக் கழித்துக் கொட்டினேன்.
மயிரிழை வேர் ஒன்று எட்டிப் பார்க்கும் நேரத்தில்
தண்டு ஒரு நூல் அசைந்தாலும் அறுந்துவிடும்,
லாரிச் சரக்கைக் கட்டும் பட்டையால்
பெட்டியோடு சேர்த்து இறுக்கினேன்.
வடக்குச் சுவரோரம், காற்று வராத மூலை.
காலையும் மாலையும் இலைக்குத் தண்ணீர்ப்புகை.
வேருக்குக் கொஞ்சம் போதும்;
வாயில்லாதவனுக்குக்
குடம் குடமாய் ஊற்றி என்ன?

தபால்வண்டி ஓட்டும் மரவில்யாஸ் வீட்டில்
நாற்பது தொட்டிகள் உண்டு.
கடிதம் கொடுக்க வந்தவள் சொன்னாள்:
"நுனியைக்கூடக் கிள்ளாதே.
இலையில்தான் இதற்கு ரொட்டி வேகிறது."

சரி என்றேன்.
அன்றைக்கே ஒரு கிலோ செப்புக்கம்பி
வாங்கி வைத்திருந்தேன்.

டிசம்பர். பனியில் வேலை நின்றுபோய்
கை சும்மா இருக்கவில்லை.
இடப்பக்கக் கிளையை, அதை மட்டும்,
கம்பி சுற்றிக் கீழே வளைத்தேன்.
மளுக்கென்றுகூடச் சொல்லவில்லை.
அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
மூன்று அரசர் திருநாளுக்கு அவள் வருமுன்
கழற்றிவிட்டேன்.

ஜனவரியில் பச்சை.
பிப்ரவரியில் பச்சை.
மார்ச்சில் மதுக்கடைக்காரனை இழுத்து வந்து காட்டினேன்,
பார், பிழைத்துவிட்டது.
மே மாதம் தொட்டபோது
இடக்கிளை உள்ளங்கையில் உப்பாக உதிர்ந்தது.
எப்போது செத்தது என்று யாருக்குத் தெரியும்,
செத்த பின்னும் மாதக்கணக்கில்
பச்சையாக நிற்கத் தெரிந்த மரம் இது.

அதன்பின் மிச்சமிருந்த பச்சையையும் நம்ப முடியவில்லை.
நகத்தால் கீறிப் பார்க்க விரல் துடிக்கும்.
கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
வண்டிக்குப் போவேன்.

செப்டம்பரில் சரகோசாவில் கண்காட்சி.
மைத்துனன் உர்பானோ நாற்காலி போட்டு உட்கார்ந்து,
கைபேசியில் படம் பிடித்து,
எது முகம், எது முதுகு, எந்தக் கிளை வேண்டாம் என்று
சிவப்புக் கோடுகளாக இழுத்தான்.
விலைகூடச் சொன்னான்.
பிரசவ அறை வாசலை மறிக்கும் தாதி போல
பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.
பச்சை உடம்பு இது,
அப்புறம் வா.

இன்னொரு குளிர்காலம்.
அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஜூனில் ஒருநாள்
நுரைக்கல்லில் செருகி வைத்திருந்த குச்சியை உருவினேன்.
போன வருஷம் மூன்று நாள் ஈரமாக இருந்த பெட்டி;
காலையில் ஊற்றியது
மாலைக்குள் காய்ந்திருந்தது.
வெயில் என்று நினைத்தேன்.
மறுநாள் மேகம். அன்றும் காய்ந்தது.
உள்ளே யாரோ குடிக்கிறார்கள்.
குச்சியைப் பிடித்தபடி
செருப்பில்லாமல் நின்றிருந்தேன்.

வாரம் போவதற்குள் நுனிகள் வெளுத்து,
அரிசி அரிசியாய் நீண்டன.
மரவில்யாஸ் தொப்பியைக் கழற்றிக் குனிந்து பார்த்தாள்.
"இன்னும் ஒரு வருஷம்" என்றாள்.
நான் வாய் திறக்கவில்லை.
கம்பியில் பாதி
கோழிக்கூண்டுக் கதவுக்குப் போய்விட்டது.

அந்த இடக்கிளையை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.
என்றைக்காவது வடிவம் என்று ஒன்று வந்தால்
அதைச் சுற்றித்தான் வரவேண்டும்.

ஒரு வருஷமாய்க் கேட்காததை
அன்றைக்குக் கேட்டாள்.
"இது மட்டும் எப்படிப் போச்சு?"
"பனி" என்றேன்.

செத்த பட்டையில்
சுருள் சுருளாகப் பதிந்திருந்த தடத்தின் மேல்
விரலை ஓட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு, தண்ணீர்ப்புகைக் குப்பியை
எடுத்து வரச் சொன்னாள்.